மலிவான துவக்கு வாங்கப் போன கதை

ஞாயிறுகளில் கிளப்பில் இலக்குப் பார்த்துச் சுடுவேன். லைசென்ஸ் கிடைத்ததால், இன்று மனைவியுடன் லண்டன் குரோய்டன் பக்கத்துத் துவக்குக் கடைக்குப் போனேன்.

கடைக்கார வெள்ளைக்காரர் மலிவான .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் ஒன்றைக் காட்டினார்.

"இதில என்ன விசேஷம்?" என்றாள் மனைவி.

"ஒவ்வொருக்காலும் கையால இழுத்துக் குண்டு ஏத்தத் தேவையில்லை. விசையை அழுத்த அழுத்தக் கெதியாச் சுடலாம்" என்றேன்.

"ஆறுதலாச் சுட்டே நீங்கள் சுட்டது ஒண்டும் இலக்கில படேல்லை. இனிக் கெதியாத் தவற விடப்போறியளோ?"

அவள் என்ன சொல்கிறாள் என்று கடைக்காரர் கேட்டார். நிறம் பிடிக்கவில்லையாம் என்று சொல்லிவைத்தேன்.

மனிதர் உள்ளே போய், பளபளக்கும் மரப்பிடி வைத்த இன்னொன்றைக் கொண்டுவந்தார். விலை இரண்டு மடங்கு.

"ஓம், இது வடிவாயிருக்கு" என்றாள்.

அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவர் பில் போடத் தொடங்கிவிட்டார்.

மனைவி பேச்சை உள்ளபடி மொழிபெயர்த்துத் தப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.