எரியாத சிவப்பு விளக்கு

போன வருடம் ஆவணி மாதம், கோவை பீளமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. நான் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாகப் பிரஷர் பார்ப்பதுதான் வேலை. இந்தத் தலைக்கனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஒருநாள் காரில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக மினுங்கத் தொடங்கியது. ஆயில் அளவு சரியாகத்தான் இருந்தது. எங்கள் வீதி முனையில் இருக்கும் மெக்கானிக் தம்பியிடம் காட்டினேன். அவர் என்ஜினில் இருந்த சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் காட்டும் ஒரு முள் மீட்டரை மாட்டி வண்டியைக் கிளப்பினார். முள் கம்பீரமாக ஏறி நின்றது.

“என்ஜின் நல்லாருக்குதுங்ண்ணா. இந்த சென்சார்தான் பொய் சொல்லுது. நாளைக்கு வாங்க, புதுசு போட்டுரலாம்.”

நாளைக்கா? நானே சென்சார் வாங்கினேன். அன்று மாலையே மாட்டினேன். மாட்டும் முன், அதன் திருகு மறையைச் சுற்றி, தண்ணீர்க் குழாய் கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினேன். கோயம்புத்தூர் பம்ப்காரன் கையில் மறை என்று ஒன்று கிடைத்தால் டேப் சுற்றாமல் விடமாட்டான். விளக்கு அணைந்தது. மினுக்கம்கூட இல்லை. மூன்று நாள் அந்தப் பெருமையில் வண்டி ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் என் அக்கா மகளுக்குச் சீர். நான் தாய்மாமன். நான் போகாமல் அங்கே எதுவும் தொடங்காது. சனிக்கிழமை மாலை சீர்த்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சாவியைத் திருப்பிப் பார்த்த என் மனைவி கேட்டாள்.

“ஏனுங்க, சாவி போட்டா எல்லா லைட்டும் ஒருக்கா எரிஞ்சு அணையுமில்லீங்க? அந்த ஆயில் லைட்டு மட்டும் எரியவே காணமே?”

“அதைத்தான் அம்மணி சரி பண்ணியிருக்கறேன்!”

“எரியற லைட்ட எரியாமப் பண்றதுக்குப் பேரு சரி பண்றதுங்களா?”

சிரித்துவிட்டு உள்ளே போனேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டேன். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து, சென்சார் வயரைப் பிடுங்கி என்ஜின் இரும்பில் தொட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆக பல்பும் நல்லது, வயரும் நல்லது. புது சென்சார் மட்டும் ஏன் ஊமையாக இருக்கிறது?

மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் சென்சாரைக் கழற்றினார். வெள்ளை டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தண்ணி மோட்டாருக்குச் சுத்தற மாதிரி சுத்திப்போட்டீங்களேங்ண்ணா! இதுக்கு மறை இரும்புதானுங்க எர்த்து. அது என்ஜினத் தொட்டாத்தான் லைட்டு எரியும். இப்படி நடுவுல டேப்பு இருந்தா ஆயில் மொத்தமும் காலியானாலும் எரியாதுங்க.”

“பம்ப் கம்பெனி ஆபீசருங்க அவரு” என்றாள் மனைவி. தம்பி குனிந்து டேப்பை உரித்துக்கொண்டே சிரிப்பில் குலுங்கினார். இப்போது சாவி போட்டதும் விளக்கு எரிந்தது, என்ஜின் ஓடியதும் அணைந்தது.

ஞாயிறு காலை கிளம்பினோம். பல்லடம் தாண்டி, வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடையில் வண்டியின் அடி ‘ணங்’கென்று இடித்தது. ஐந்து நிமிடத்தில் சிவப்பு விளக்கு.

“மறுபடியும் பொய் சொல்லுது பாரு” என்று என் வாய் பழக்கத்தில் சொல்லியது.

“முதல்ல நிறுத்துங்க, மாமா” என்றாள் மனைவி.

நிறுத்தி என்ஜினை அணைத்தேன். இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் தார்ச்சாலையில் கறுப்பாக ஒரு கோடு. அடியில் ஆயில் தொட்டி விரிசல் விட்டிருந்தது. இன்னும் இரண்டு மைல் ஓட்டியிருந்தால் என்ஜின் இறுகிப்போயிருக்கும். நடுரோட்டில், அந்த வேகத்தில், எங்களுக்கு என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

ஆனால் முகூர்த்த நேரம் காத்திருக்காதே! பண்ணையில் கோழி ஏற்றக் காலியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டி நின்றது. “சீர்த்தட்டுங்களா? ஏறுங்க, போலாம்” என்றார் டிரைவர். பட்டு வேட்டியோடு, கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து, தலையில் இரண்டு இறகுகளோடு தாய்மாமன் நேரத்துக்கு வந்து இறங்கினான். அக்கா வீட்டார் இன்னும் சிரிக்கிறார்கள்.

மெக்கானிக் தம்பி தொட்டியை மாற்றிக்கொடுத்தார். என்ஜினுக்கு ஒன்றும் இல்லை. மாறியது நான்தான்: முன்பெல்லாம் யாராவது குறை சொன்னால் எரிச்சல் வரும், இப்போதோ வீட்டிலும் வேலையிலும் என்னைப் பற்றி ஒரு குறையும் காதில் விழாத நாட்களில்தான், அவர்கள் வாயை நான் எதைச் சுற்றி அடைத்துவிட்டேனோ என்று பயம் வருகிறது.