தூக்கிவிட வேண்டாம்

ஒன்றரை வயதில் எனக்குப் போலியோ வந்து இடது கால் மெலிந்துபோனது. நடக்கும்போது இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அழுத்தாவிட்டால் முட்டி மடங்கும், நான் தரையில் கிடப்பேன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு அது அவ்வளவுதான் விஷயமாக இருந்ததில்லை. நான் விழுந்தால் போதும், தெருவே ஓடி வரும். ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருவர் இடுப்பைப் பிடிப்பார், மூன்றாமவர் மண்ணைத் தட்டிவிடுகிறேன் பேர்வழி என்று முதுகில் நாலு சாத்து சாத்துவார். கூடவே ஒரு ‘ஐயோ பாவம்’. முட்டியில் தோல் உரிந்தது எரியாது. அந்த ஐயோ பாவம் எரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இன்னும் மோசம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஓர் அம்மாள் என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி, கால் சரியாக ஜெபம் செய்ய ஆரம்பித்துவிடுவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. ஒருமுறை, “ஆன்ட்டி, பசிக்குது, சீக்கிரம் முடிங்க” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

அப்பா பக்கத்து மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். எங்கே போனாலும் அப்பா என் இடப்பக்கம்தான் நடப்பார், கையை என் முழங்கைக்கு ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு. தொட மாட்டார், தயாராக இருப்பார். நான் மீசை வைத்து, பி.காம். முடித்து, வேலைக்கு எழுதிப்போட ஆரம்பித்த பிறகும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ரஷ்யப் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். விண்வெளி, டிராக்டர், சதுரங்கம் என்று அடுக்கியிருந்ததில் ஒரு புத்தகத்தின் அட்டையில் தடித்த கோட்டு போட்ட இரண்டு பேர் ஒருவர் காலரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாம்போ என்று பெயர். ஆயுதமில்லாமல் தன்னைக் காத்துக்கொள்வது என்று அர்த்தமாம். ஆங்கிலத்தில் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் படம். யாரை அடிப்பதற்காக வாங்கினாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எல்லாரையும். கை கொடுக்க ஓடி வருகிற ஒவ்வொருவரையும் தலைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால் முதல் பாடத்தில் யாரும் யாரையும் தூக்கிப் போடவில்லை. முதல் பாடம் விழுவது. பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, முன்னால் விழுந்து உருள்வது. இதைக் கற்காமல் அடுத்த பாடத்துக்குப் போகாதே என்று கண்டிப்பாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வருஷமாக ஊரே என்னிடம் சொன்னது ஒன்றுதான்: பாத்துடா, விழுந்துடப் போற. விழு என்று சொன்ன முதல் ஆள் எங்கோ மாஸ்கோவில் இருந்தான். அவனை எனக்கு உடனே பிடித்துப்போனது.

காலையில் இருவரும் பள்ளிக்குக் கிளம்பியதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஹாலில் பாயை விரிப்பேன். தாடையை நெஞ்சில் ஒட்டவை, மூச்சை வெளியே விடு, முதுகு தரையைத் தொடும்போதே உள்ளங்கையால் தரையை ஓங்கி அறை. படத்தில் இருந்தவனுக்கு இரண்டு நல்ல கால், இரண்டு சும்மா இருக்கும் கை. என் இடது கையோ தொடையை விடாது. விழும்போதும் விடாது. அதனால்தான் இத்தனை வருஷமும் தாடையிலும் தோளிலும் அடிபட்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது. கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று உடம்பு பயந்தது. விழத்தானே போகிறோம், விடு சனியனே என்று தினமும் அதைத் திட்டினேன். கை கேட்க இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுச் சிவப்புச் சிமெண்ட் தரையிலேயே விழ ஆரம்பித்தேன்.

அடுத்தது பிடிகள். அங்கேதான் சிக்கல் வந்தது. சாம்போவில் பாதிப் பிடி எதிராளியின் கோட்டில்தான். காலரும் கையும் இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. தாம்பரம் வெயிலில் எவன் கோட்டு போடுவான்? எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கோட்டு, அப்பாவின் கல்யாணக் கோட்டு. பீரோவில் பாச்சை உருண்டை நாற்றத்தோடு தொங்கியது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, அதற்கு அந்தக் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டேன். மெத்தை மாப்பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து நின்றது.

தானே மல்லாக்க விழுந்து, ஒரு காலை எதிராளியின் வயிற்றில் கொடுத்துத் தலைக்கு மேலே வீசுகிற பிடி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு நல்ல கால் போதும். அதையே நூற்றுக்கணக்கில் செய்தேன். நாலு மணிக்குக் கோட்டை உதறி பீரோவில் மாட்டிவிடுவேன். ஒருநாள் வலது கை அக்குளில் டர்ரென்று கிழிந்தது. உள்பக்கமாக நான்கு ஊக்கு குத்தி மாட்டிவைத்தேன். அப்பா அந்தக் கோட்டை இனி எதற்கு எடுக்கப்போகிறார் என்கிற தைரியம்தான்.

எடுத்தார்.

பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். அப்பா உத்தரவை இரண்டு தடவை படித்து, மடித்து மேசையில் வைத்தார்.

“காலைல எலெக்ட்ரிக் ட்ரெயின் கூட்டம் உனக்கு ஆகாது தம்பி. ஓவர்பிரிட்ஜ் படி வேற. நம்ம ஸ்கூல் ஆபீஸ்லயே ஒரு இடம் காலியா இருக்கு. கரெஸ்பாண்டென்ட்டைப் பாத்துப் பேசறேன்.”

“எனக்கு அது வேணாம்பா.”

“அங்க விழுந்தா யாருடா தூக்குவா?”

பள்ளி எங்கள் வாசலிலிருந்து நூறடி. ஆயுசு முழுக்க அந்த நூறடி, அப்பா இடப்பக்கம், அவர் கை ஓர் அங்குலத்தில். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா முடிவு செய்தால் முடிந்தது.

அந்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும், கரெஸ்பாண்டென்ட் வீட்டுக்குக் கிளம்ப அப்பா கோட்டைக் கேட்டார். எனக்காகக் கெஞ்சப் போவதற்குக் கல்யாணக் கோட்டு. அம்மா எடுத்துக் கொடுத்தாள். கையை நுழைத்தவர் ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம் பொட்டாக நின்றது.

“எலி கடிச்சிருக்கா?” என்றாள் அம்மா.

“எலி ஊக்கு குத்தாது” என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தேன். மெத்தையையும் காட்டினேன். அம்மா அதன் மேல் இருந்த என் கால் தடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“வீட்டுல ஒண்டியா உக்காந்து யாரோடடா சண்டை போட்ட?” என்றார் அப்பா.

“உங்களோடத்தான்.” வாயில் வந்துவிட்டது. வந்தபின் நிறுத்தத் தோன்றவில்லை. “அந்தச் சேர்ல உக்காருங்கப்பா. பத்து தடவை விழறேன். ஒரு தடவை அடிபட்டாலும் சரி, தானா எழுந்திருக்க முடியலன்னாலும் சரி, ஸ்கூல்லயே சேந்துடறேன். இல்லன்னா ட்ரெயின்ல போவேன். நடுவுல யாரும் வந்து தூக்கக் கூடாது.”

உட்கார்ந்தார். நான் கையைத் தொடையிலிருந்து எடுத்தேன். உள்ளங்கை தரையில் அறைந்த முதல் சத்தத்திலேயே அப்பா பாதி எழுந்துவிட்டார். “உக்காருங்க” என்று அதட்டினேன், அவர் வகுப்பில் அதட்டுகிற அதே குரலில். மல்லாக்க, பக்கவாட்டில், குப்புற உருண்டு. நாலாவதில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பத்தாவது முடிந்து எழுந்து நின்றேன். உள்ளங்கை இரண்டும் தீயாக எரிந்தன. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியாராயிற்றே.

“நீ விழப்போறது உனக்கு முன்னாடியே தெரியுது. கூட்டத்துல எவனும் சொல்லிட்டுத் தள்ள மாட்டான்.”

“அப்ப நீங்க தள்ளுங்க.”

எழுந்து வந்தார். பின்னால் நின்றார். அவர் கை என் தோளில் வந்து அப்படியே இருந்தது. என்னைப் பிடிக்க மட்டுமே பழகிய கை அது. எனக்கு அவர் மேல் முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“தள்ளுங்கப்பா.”

தள்ளினார். சும்மா இல்லை, நன்றாகவே தள்ளினார். என் இடது கை தானாகத் தொடையை விட்டது. தோள் உருண்டது, உள்ளங்கை தரையில் அறைந்தது. எழுந்து திரும்பினால் அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டை எடுத்து மெத்தை மேல் போட்டார். கரெஸ்பாண்டென்ட் வீட்டுக்குப் போகவில்லை.

“முதல் ஒரு வாரம் நானும் வருவேன்” என்றார்.

“பத்தடி தள்ளி.”

“சரி, பத்தடி.”

அவர் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்தார். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் தாம்பரம் பிளாட்பாரத்தில், வண்டியைப் பார்த்து ஓடிய ஒருவர் தலையிலிருந்த தகரப் பெட்டியோடு என் மேல் மோதினார். விழுந்தேன். சத்தம் கேட்டு வழக்கம்போல் நாலு பேர் ஓடி வந்தார்கள். குனிந்த முதல் ஆளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேட்டி வந்து நின்றது.

“விடுங்க. யாரும் தொடாதீங்க. அவனே எழுந்திருப்பான்.”

கீரைக் கூடையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு வந்ததே கோபம். “இன்னா மனுசன்யா நீ? புள்ள கால் வராம வுயுந்து கெடக்குது, வேடிக்க பாத்துகினு கீற? நீயெல்லாம் ஒரு ஆளா?”

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த அத்தனை ஐயோ பாவத்துக்கும் சேர்த்து அப்பாவுக்குத் திட்டு விழுந்தது. அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் உருண்டு, நல்ல காலை ஊன்றி எழுந்தேன். இடது கை தொடைக்குத் திரும்பியது. டிபன் பாக்ஸ் உருண்டு பிளாட்பார ஓரத்துக்குப் போயிருந்தது. அதை மட்டும் அப்பா எடுத்துத் துடைத்து, என் விரலைத் தொடாமல் நீட்டினார்.

“சாயங்காலம் எந்த வண்டி?” என்றார்.

“ஆறு மணி வண்டி.”

தலையாட்டினார். நான் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பேசியபடி சனிக்கிழமை வரை இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. அப்பா ஏறவில்லை. ஓவர்பிரிட்ஜ் படியில் வீட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார்.