வினிகர் வாசம் அடிக்கும் மாத்திரை

என் மாமாவுக்குத் தொழில், அடுத்தவர் வீட்டு ஜன்னலை வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பது. கேட்பவர்களிடம் இப்படித்தான் சொல்லுவேன். அவர்கள் முகம் போகிற போக்கைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு மீதியைச் சொல்லுவேன்: உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கிறவர்.

அம்மாவின் ஒரே தம்பி. வயது நாற்பத்தாறு. எங்களோடுதான் இருக்கிறார். முன்னறையில் மடக்குக் கட்டில், அதற்கு மேலே ஒரு ஜன்னல். தெருவிலேயே அழுக்கான ஜன்னல் அதுதான். விரலால் படம் வரையலாம். கேட்டால், "லீவு நாள்ல யாராவது வேலை பாப்பாங்களா?" என்பார்.

மாமாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இருபத்தொரு வருடமாக. எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருக்கிறார்: "தபால்ல." எனக்குப் பதினோரு வயதானபோது என்னை உட்கார வைத்து அவரே எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

"மாமா, நான் தினம் உங்க தட்டுல இருந்து திருடித் தின்றேனே, எனக்கும் வருமா?"

"அதெல்லாம் தொத்தாது. தொத்தினா திருட்டாவது நிக்கும்னு பாத்தேன், அதுக்கும் வழியில்ல."

அன்றும் அவர் தட்டிலிருந்து பாதியைத் தின்றேன்.

முதலில் கொடுத்த மாத்திரைகள் நன்றாகத்தான் வேலை செய்தனவாம். கெடுத்துக்கொண்டது மாமாதான். அந்த மாத்திரை வயிற்றைக் கலக்கும். பதினான்காவது மாடியில் கயிற்றில் தொங்குகிறவனுக்கு வயிறு கலக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் உயரமான வேலை இருக்கும் நாளெல்லாம் மாத்திரையை விட்டுவிட்டார். டாக்டரிடமும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் கிருமி மாத்திரையைப் பழகிக்கொண்டது. வேறு மாத்திரை, அதையும் பழகிக்கொண்டது. இப்படி ஒவ்வொன்றாக வேலைக்கு ஆகாமல் போனது. பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை.

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. மாமாவின் இடுப்பு வார்தான் மெஷின். கயிற்றில் ஏறும்போது மாட்டுகிற தடித்த வார். அதில் ஏழு ஓட்டைகள். வழக்கமாக மூன்றாவதில் மாட்டுவார். போன வருடம் ஐந்துக்குப் போனது, பிறகு ஆறுக்கு. ஒரு நாள் ஏழாவதில் மாட்டியும் வார் தொளதொளவென்று நின்றது.

அவரோடு வேலை பார்க்கும் கூட்டாளிக்கு 'முடிச்சு' என்று பட்டப்பெயர். கயிற்றின் முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தன் செருப்பு வாரையே இரண்டு முறை பார்க்கிற ஆள். அவர் அன்றைக்கு மாமாவின் வாரைப் பிடித்து இழுத்தார். முழுக் கையும் உள்ளே போனது.

"எட்டாவது ஓட்டை போட்டுக்கறேன்டா" என்றார் மாமா.

"போட்டுக்க. போட்டுட்டுக் கீழயே நில்லு. உன்னை நான் மேல ஏத்த மாட்டேன்."

"நான் ஏறிக்கறேன், நீ யாரு ஏத்த?"

"கயிறு பிடிக்கிறவன்."

மாமா வாரைக் கழற்றினார். அன்றிலிருந்து அவருக்குக் கீழ் வேலை. வாளியில் தண்ணீர் கலப்பது, நடைபாதையில் தடுப்பு வைப்பது, தடுப்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடக்கிறவர்களை விரட்டுவது. "சார், அந்தப் பக்கம் போங்க. இல்லன்னா தலையை வீட்டுல வச்சுட்டு வாங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமா சிரிக்கமாட்டார். அண்ணாந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் இரண்டு முறை ஒளிந்திருந்து பார்த்தேன். பார்க்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

அப்போதுதான் டாக்டர் ஒரு புது மாத்திரையைப் பற்றிச் சொன்னார். மற்ற மருந்துகள் எடுபடாதவர்களுக்கென்றே வந்திருப்பது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பழையவற்றில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிற இரண்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் தெரியும். உடம்பு தேறினால் மீண்டும் கயிற்றில் ஏற எழுதித் தருகிறேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

மாமா அந்த டப்பாவை வேலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் மாத்திரை.

ஆறரைக்கு என் போர்வை பறந்தது.

"ஏய் குட்டிச்சாத்தான், எழுந்திரு. இதை மோந்து பாரு."

டப்பாவை என் மூக்குக்கு அடியில் நீட்டினார். மோந்தேன். "வினிகர்."

"அதான். எப்ப ஊத்தின?"

இந்த இடத்தில் வினிகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் உப்புக்கறை படிந்தால் சோப்புக்கு அசையாது. தண்ணீரில் வினிகர் கலக்க வேண்டும். எவ்வளவு என்று மாமா அளப்பதில்லை. வாளிக்கு மேலே மூக்கை நீட்டி, "இன்னும் அரை மூடி" என்பார். அது சரியாகத்தான் இருக்கும். அந்த மூக்கை அவர் கடவுளைவிட அதிகம் நம்புவார். அதோடு, போன மாதம் அவர் குடிக்கிற பிளாஸ்க்கில் தண்ணீருக்குப் பதில் வினிகரை ஊற்றி வைத்தது நான்தான். ஆக, சாட்சி, முன்விரோதம் எல்லாமே எனக்கு எதிராக இருந்தன.

ஆனால் எனக்கு வந்ததே கோபம்!

"உங்க செருப்புல பசை தடவியிருக்கேன். பிளாஸ்க்ல வினிகர் ஊத்தியிருக்கேன். உங்க தொப்பிக்குள்ள மாவு கொட்டியிருக்கேன். உங்க மாத்திரையை என்னிக்காவது தொட்டிருக்கேனா? சொல்லுங்க, தொட்டிருக்கேனா?"

மாமா என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தார். "இல்ல" என்றார். "அப்ப என் பையில இருந்த பாட்டில்தான் கசிஞ்சிருக்கும். மாத்திரை கெட்டுப்போச்சு."

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் செய்ததை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். தரையில் பழைய செய்தித்தாளை விரித்தார். அறுபது மாத்திரையையும் கொட்டி வரிசையாக அடுக்கினார். டேபிள் ஃபேனை அதற்கு எதிரே வைத்துச் சுழலவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

அம்மா வந்து பார்த்தாள். அம்மாவுக்கு ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை.

"என்னடா, காலங்காத்தால கடை விரிச்சிருக்க?"

"வினிகர் வாசம்கா. காத்தாட விட்டிருக்கேன். கண்ணாடின்னா அரை மணியில போயிடும்."

"மாத்திரைன்னா?"

மாமா ஃபேனைப் பார்த்தார். ஃபேன் இடமும் வலமும் தலையாட்டியது.

"ஒரு தடவை அலசிப் பாக்கலாமா?" என்றாள் அம்மா.

சொன்னதோடு நிற்கவில்லை, வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயைத் திறக்கவும் போய்விட்டாள். எங்கள் குடும்பமே துடைத்துக் கழுவிப் பிழைக்கிற குடும்பம். எந்தக் கஷ்டம் வந்தாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். நான் குழாயை மூடிவிட்டு மாமாவின் போனில் கிளினிக் நர்ஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். மணி ஆறு ஐம்பது.

"அக்கா, மாமாவோட புது மாத்திரையில வினிகர் வாசம் அடிக்குது."

"ஆமா, அடிக்கும்."

"அடிக்குமா?"

"அந்த மாத்திரைக்கே லேசா அப்படி ஒரு வாசம் உண்டும்மா. நேத்து உங்க மாமாகிட்ட சொன்னேனே."

"என்கிட்ட சொல்லல" என்றார் மாமா.

"சொன்னேன் சார். அப்ப நீங்க எங்க ஜன்னலைப் பாத்துட்டு, 'இதை எந்த மடையன் துடைச்சான், ஓரமெல்லாம் அப்படியே விட்டிருக்கான்'னு கேட்டீங்க."

அம்மா வடிகட்டியால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, இப்ப மாத்திரை எங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். கடைசியில் நான்தான் சொன்னேன்: "ஃபேன்ல காயுது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "தண்ணி கிண்ணி பட்டுதா?"

"இல்ல. நூலிழையில தப்பிச்சுது."

"எல்லாத்தையும் எடுத்து டப்பாவுல போட்டு இறுக்கி மூடுங்க. ஏழு மணிக்கு ஒண்ணு. கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, முழுசா முழுங்கணும். சாயங்காலம் ஏழுக்கு இன்னொண்ணு. ஒரு வேளை கூட விடக் கூடாது சார். இதையும் கெடுத்துக்கிட்டா, மாத்திக் குடுக்க எங்க கையில பெருசா எதுவும் இல்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பொறுக்கினோம். நீளமான, பழுப்பு நிற மாத்திரை. ஏழு மணிக்கு மாமா ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் கண்ணை மூடி விழுங்கினார்.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"பன்னெண்டாவது மாடிக் கண்ணாடியை நக்கின மாதிரி."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மாமாவுக்குக் கிடையாது. அன்று வேலைக்குக் கிளம்பும்போது போனை என் மடியில் போட்டார். "ரெண்டு ஏழு மணிக்கும் எதையாவது அடிக்க வை. மறந்து தொலைச்சிடுவேன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அலாரத்தில் என் குரலையே பதிந்து வைத்தேன். "மாமோய்! முழுங்குய்யா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி. வாராவாரம் மாற்றுவேன். ஒரு வாரம் லாரி ஹாரன், ஒரு வாரம் ஆட்டுக்குட்டி, ஒரு வாரம் அவர் மேனேஜரின் மூக்கடைத்த குரல். ஒரு நாள் சாயங்காலம் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே அவர் குரலில் அது கத்திவிட்டதாம். மாமா வந்து என் காதைத் திருகினார். அலாரத்தை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் முடிச்சும் கற்றுக்கொண்டார், ஏழு மணியானால் அலாரத்துக்கு முன்னாலேயே, "மாமோய், முழுங்குய்யா!" என்று அவர் குரல் வரும்.

முதல் மாதம் வாரில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் மாதம் ஏழாவது ஓட்டையில் வார் தொளதொளக்காமல் நின்றது. மூன்றாம் மாதம் என் தட்டிலிருந்து அவர் திருடித் தின்றார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். நாலாம் மாதம் பார்க்காததுபோல் இருக்க முடியவில்லை, தட்டே காலி.

ஆறாம் மாதம் மாமா ரத்தம் கொடுத்தார். முடிவு கேட்கப் போகிற அன்று நானும் கூடப் போனேன். வேலையில்லாமல்தான் போனேன் என்று சொல்லி வைத்தேன். மாமா உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில். சுவரில் ஓடாத கடிகாரம், எதிரே ஓரம் துடைக்காத ஜன்னல்.

மாமா வெளியே வந்தார். முகம் தொங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். முழுக்க எண்கள், பாதிக்குமேல் எனக்குப் புரியாத எழுத்துகள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அன்றைக்குத்தான் முதன்முறையாக வருத்தப்பட்டேன்.

"மாமா, என்ன போட்டிருக்கு?"

மாமா தரையைப் பார்த்தார்.

"வேற மாத்திரை இருக்கும் மாமா. கேப்போம். எங்கயாவது இருக்கும்."

மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்தேன். அது போதாமல் மாமாவின் சட்டைக் கையாலும் துடைத்தேன். அப்போது அந்தக் கை குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஆறு மாசமா காத்திருந்தேன்டி, உன்னை ஒரு தடவை அழ வைக்க!"

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சார், வெக்கமா இல்ல? சின்னப் பொண்ணை..." என்று திட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "கிருமி மெஷினுக்கே தட்டுப்படாத அளவுக்குக் குறைஞ்சிடுச்சும்மா. உடம்புல சக்தியும் ஏறியிருக்கு. டாக்டர் வேலைக்குக் கடிதம் எழுதிட்டு இருக்காரு."

"அப்ப தொலைஞ்சுதா?" என்றேன்.

"தொலையல. ஒளிஞ்சிருக்கு. மாத்திரையை விட்டா வெளிய வந்துடும்."

"விட்டாதானே?" என்றார் மாமா. "என் வீட்டுல ஒண்ணு ஏழு மணியானா ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது. எங்க விடறது?"

மாமாவை நான் அடித்த அடிக்குக் கிளினிக்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரே எழுந்துபோய், நர்ஸிடம் ஒரு துணி வாங்கி, அந்த ஜன்னலின் நான்கு ஓரத்தையும் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த வாரம் அவர் ஏறினார். நானும் அம்மாவும் எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றோம். பதினான்கு மாடிக் கட்டடம். மேலே, விளிம்பில், இரண்டு எறும்பு அளவு ஆட்கள். முடிச்சு வாரை இழுத்துப் பார்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே மாட்டும்போதே பார்த்துவிட்டேன், நாலாவது ஓட்டை. மூன்றாவதுக்கு இன்னும் கொஞ்சம் தின்ன வேண்டும். சரியாக ஏழு மணிக்கு மொட்டைமாடியிலிருந்து, "மாமோய், முழுங்குய்யா!" என்று கேட்டது. மாமா அண்ணாந்து தண்ணீர் குடிப்பது தெரிந்தது. பிறகு விளிம்பைத் தாண்டிக் காலைப் போட்டார்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமாவோ, படுக்கையில் புரளுகிற மாதிரி சாவகாசமாக இறங்கினார். நுரை ஒரு வீச்சு, ரப்பர் பட்டை ஒரு இழுப்பு. அவர் போன வழியெல்லாம் கண்ணாடியில் வானம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சாலையைக் கடந்து தடுப்பையும் தாண்டி உள்ளே போய்விட்டேன் போலிருக்கிறது.

மூன்றாவது மாடியிலிருந்து மாமா கீழே பார்த்தார். நான் மேலே பார்த்தேன்.

"மேடம், தலையை வீட்டுல வச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, நனைந்த ஸ்பாஞ்சை என் உச்சிக்கு நேராகப் பிடித்துப் பிழிந்தார்.

தலை, காது, கழுத்து எல்லாம் வினிகர். தெருவே சிரித்தது, அம்மாவும் சேர்ந்து. பழி வாங்காமல் விடமாட்டேன். அதற்கு ஒரு திட்டம் இருக்கிறது, மாவு சம்பந்தப்பட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தேன். அப்படியும் முடியில் கொஞ்சம் வாசம் மிச்சம் இருந்தது. மூன்றாவது முறை நான் குளிக்கவில்லை.