கவாத்துக்குத் தப்பிய நான்கு செடிகள்

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போவது என்பது நடக்காத காரியம். விடிவதற்கு முன்னால் மொட்டைப் பறித்தாக வேண்டும். இன்றைக்கு விட்ட மொட்டு சாயங்காலம் செடியிலேயே மலர்ந்து யாருக்கும் ஆகாமல் போய்விடும். கல்யாணமோ துக்கமோ, எங்கள் வீட்டிலிருந்து பாதிப் பேர்தான் போவார்கள். மீதிப் பேர் செடிக்குள் குனிந்து நிற்பார்கள். கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து, கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடலாம். சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து காலைக் காப்பி குடிப்பது அந்த மார்கழி மாதத்தில் மட்டும்தான்.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருடக் கவாத்தில் அப்பா ஒரு விசித்திரம் செய்தார். கிணற்றோரம் நான்கு செடிகளை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். “சாமிக்கு” என்றார். சாமிக்கு நாங்கள் எப்போதும் செவ்வந்திதான் போடுவோம் என்பது எனக்கே தெரியும். பக்கத்துச் சாலில் வெட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, அந்த நான்கு செடிகளையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. எனக்குத் தலை பின்னி, வீட்டுப்பாடம் எழுதவைத்து, பேன் பார்த்து, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டவள் அவள்தான். அதுவரை ஆறு பேர் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு குடும்பமும் கேசரி சாப்பிட்டார்கள், “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் மறுநாள் விடியலில் பூப்பறிக்க வரும் பெண்கள் டார்ச் வெளிச்சத்தில் முதலில் அத்தையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கவாத்து முடிந்த வாரம், அரைப்பரீட்சை லீவில், பெரியப்பா குற்றாலம் போகலாம் என்றார். ஒரு டீக்கே நான்கு தரம் யோசிப்பவர் அவர். அவர் வாயால் லாட்ஜ் என்றும் மூன்று நாள் என்றும் வந்ததும், கனவு கலைந்துவிடக் கூடாதே என்று நான் பேசாமல் இருந்தேன்.

பெரியவர்களின் திட்டம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஏழாவது மாப்பிள்ளைக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. வயது நாற்பதைத் தாண்டியவர், முதல் மனைவி தவறிவிட்டார். அவரும் அவருடைய அம்மாவும் அதே லாட்ஜுக்கு, ஏதோ தற்செயலாக வந்ததுபோல வருவார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்குக் கீழே சாப்பாட்டு ஹாலில் சந்திப்பது; பன்னிரண்டுக்கு ராகுகாலம். பிடித்துப்போனால் கையோடு பேசி முடிப்பது. பிடிக்காவிட்டால் ஊருக்கு விஷயமே தெரியாது. அத்தைக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வாள் என்பது பெரியப்பாவின் கணிப்பு.

அந்த லாட்ஜை இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் பார்த்த இடம் மாதிரி இருக்கிறது. சுவரெல்லாம் ஈரம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். அருவி கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் விடாமல் கேட்கும். விடியலில் வழக்கம்போல எல்லோருக்கும் விழிப்பு வந்துவிட்டது. பறிப்பதற்குப் பூ இல்லை. அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் திட்டாத அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அருவி எங்களையெல்லாம் சேர்த்து எங்கேயோ கொண்டுபோகிறது என்று நினைத்தபடியே அத்தையின் மடியில் மறுபடி தூங்கிப்போனேன்.

புதன்கிழமை காலை இட்லி சாப்பிட்டதும் அத்தை, “மதினி, புள்ளைய அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

அம்மா சிரித்தாள். “சித்திரை வெயில்லயே வெந்நி கேக்குறவ நீ. இங்க வந்ததும் ஆளே மாறிட்டியே. சரி, பத்து மணிக்குள்ள வந்துரு. வந்து அந்த மயில்கழுத்துப் பட்ட உடுத்தணும்.”

“எதுக்கு மதினி?”

“எதுக்கா? ஒரு போட்டோ எடுக்கத்தான்.”

அம்மாவின் பையில் ஈரத்துணிக்குள் ஒரு பந்து மல்லிகை இருந்தது. கிணற்றோரத்து நான்கு செடிகள் கொடுத்த பூ. சாமி குற்றாலத்துக்கு வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் இல்லாததால் அருவியில் கூட்டம் குறைவு. ஆண்கள் பக்கம் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள். பெண்கள் பக்கம் பத்துப் பதினைந்து பேர். தலையில் தண்ணீர் விழுந்ததும் எனக்கு யாரோ நாலு பேர் சேர்ந்து மொத்தியதுபோல இருந்தது. மூச்சு முட்டியது, சிரிப்பு வந்தது. வெளியே வந்தோம், மறுபடி போனோம். மூன்றாவது தடவை என் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன.

“அத்த, குளுருது. போவோம்.”

“இன்னும் ஒரே ஒரு தடவ, தங்கம்.”

அப்புறம் எனக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, துண்டைச் சுற்றிப் படியில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போனாள். வெள்ளை இரைச்சலுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வெளியே வருவாள், எதிர்க் கடையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி போவாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாய்ந்துவிட்டது. வேலைக்குப் பிறந்த மாதிரி இருந்த அத்தைக்குள் இம்புட்டு விளையாட்டு ஆசை இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாகவும் பெருமையாகவும் இருந்தது. எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

நடுவில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா வந்து நின்றார். துண்டைத் தலைக்குமேல் சுழற்றிச் சுழற்றி ஏதோ கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உற்சாகப்படுத்துகிறார் என்று நானும் என் துண்டைச் சுழற்றினேன். அவர் தடுப்பில் கால் வைத்ததும் ஒரு பெண் போலீஸ் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து, பொம்பளைகள் பக்கம் உனக்கென்ன வேலை என்கிற மாதிரி கையை நீட்டி அவரை விரட்டினார். அத்தை இதையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டு அருவிக்குள் போய்விட்டாள். அது பதினோராவது தடவை.

நாங்கள் லாட்ஜ் படியேறும்போது பன்னிரண்டே கால். சாப்பாட்டு ஹாலிலிருந்து ஒரு வயதான அம்மாளும் கஞ்சி போட்ட சட்டையில் ஒருவரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார். பழைய நைட்டி, மேலே ஒரு துண்டு, முகத்தில் ஒட்டிய முடி, ரத்தச் சிவப்பாகக் கண்கள், காலடியில் குளம்போலத் தண்ணீர் என்று நின்ற அத்தை, அவர்களைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பினாள். கூப்பிய கையோடு நான்கு தும்மல் போட்டாள்.

அந்த அம்மாள் நல்ல மாதிரி. “ஏனுங்க, பொண்ணுக்கு ஒடம்புக்குச் சேரலீங்களாட்ட இருக்குதுங்க. பாத்துக்கோங்க. நாங்க சொல்லி அனுப்பறமுங்க” என்று நகர்ந்தார். கஞ்சிச் சட்டைக்காரர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர்கள் வந்த வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் பெரியப்பா திரும்பினார். “என்ன புள்ள பண்ணிட்டு வந்து நிக்கிற?”

“நான் கூப்பிட்டுக்கிட்டேதாண்ணே இருந்தேன். இவதான் வரமாட்டேன்னு அழுதா” என்றாள் அத்தை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீயாடி?” என்றாள் அம்மா. நான் அத்தையை அண்ணாந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோள்மேல் கிடந்த துண்டை மட்டும் இழுத்து இறுக்கிவிட்டாள். குளிருக்கு என்று நினைத்தேன். பெரியவர்கள் பொய் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

“ஆமா” என்றேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்று சாயங்காலமே ஊர் திரும்பினோம். மல்லிகைப் பந்து ஈரத்துணிக்குள்ளேயே பழுத்துப்போனது. அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் பெரியப்பா என்னைக் காட்டி, “இந்தக் கழுத அருவியில ஆடுன ஆட்டத்துல ஒரு கல்யாணமே போச்சு” என்று சொல்லாமல் இலையில் உட்கார்ந்ததில்லை. அத்தை மூன்று வருடம் கழித்து, அவளே பார்த்துச் சரி என்று சொன்ன நத்தத்து வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த மூன்று வருடமும் அவள் தனியாக இருப்பதற்கு நான்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடும்போதெல்லாம் முதல் வேண்டுதல் அத்தைக்கு மாப்பிள்ளை வேண்டும் என்பதுதான். கூடவே இன்னொன்றையும் நம்பினேன். அத்தைக்கு அருவி என்றால் உயிர்.

போன மார்கழியில் அத்தையையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். நான்தான் வற்புறுத்தி அழைத்தேன். என் மகள் அவளை அருவிப் பக்கம் இழுத்தாள். அத்தை எல்லோருடைய துண்டுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியைவிட்டு இறங்கவில்லை.

“வா அத்த. ஒனக்குத்தான் அருவின்னா உசுராச்சே” என்றேன்.

“யாருக்கு? எனக்கா?” அத்தை நிஜமாகவே திகைத்தாள். “பச்சத்தண்ணி எனக்கு எப்பவுமே ஆகாதே. ஒரு வாளி ஊத்துனாக்கூட மூணு நாளைக்குக் காய்ச்சல்ல கெடப்பேன். ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப அன்னிக்கு?”

அவள் அருவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கெணத்தோரம் நாலு செடிய வெட்டாம விட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, பூ எந்தத் தலைக்குன்னு. வேணாம்னு சொன்னா அந்த வீட்டுல யாரு கேப்பா?” துண்டுகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, “ஒன்னைய அடிப்பாகன்னு மட்டும் நெனைக்கல தங்கம்” என்றாள்.

எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன? தினமும் விடியலில் பூப்பறித்துவிட்டு வந்து அவள் வெந்நீர் அடுப்பை ஊதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சுள்ளி எடுத்துக் கொடுத்தவள் நான். குற்றாலத்திலிருந்து திரும்பிய பிறகு அவள் மூன்று நாள் கம்பளிக்குள் அனத்திக்கொண்டு கிடந்ததும், பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அந்தச் சூடு தெரிந்ததும் ஞாபகம் இருக்கிறது. எல்லாம் கண்முன்னால்தான் இருந்தது. நான் துண்டைச் சுற்றிக்கொண்டு, பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, அவளுடைய சந்தோஷத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.