ஏழு புடலம்பிஞ்சு

நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வேண்டா என்று பேர் வைத்தார்கள். அக்காமார் மூவரும் கட்டிக் கிழித்த பாவாடைதான் அவளுக்கு வந்து சேரும். அதனாலோ என்னவோ, அடுத்தவள் கையில் ஒரு நல்ல பொருளைப் பார்த்துவிட்டால் வேண்டாவுக்கு வயிறு எரியும். எரிவதை மறைக்கவும் தெரியாது. திருவிடந்தையில் அவள் தெருவுக்கே தெரிந்த சங்கதி இது.

இந்தக் கோடையில் அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் பெற்ற மகள்.

வேண்டாவுக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. விடியற்காலை வேன் ஏறினால் திரும்ப நாலு மணி ஆகும். மகள் அன்பரசிக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்து லீவு. பக்கத்து வீட்டு சுஜாதா வீட்டோடு இருப்பவள். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சித் தோட்டம் போட்டிருக்கிறாள். கத்தரி, வெள்ளரி, கொத்தவரை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புடலைப் பந்தல். பந்தல் நிழலில் தாயம் ஆடுவது, அஞ்சாங்கல் ஆடுவது, வெள்ளரிப்பிஞ்சைப் பறித்து மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பது, இதுதான் அன்பரசியின் லீவு.

வேண்டா வந்து கதவைத் திறந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மகள் சிரிப்பது கேட்கும். தன்னோடு இருக்கும்போது இந்தப் பெண் இப்படிச் சிரித்ததே இல்லையே என்று பொருமுவாள். சாப்பிட உட்கார்ந்தாலும் சுஜாதா அத்தை புராணம்தான்.

"அத்த வூட்டு வெள்ளரி கசக்கவே கசக்காதும்மா."

"ஆமாண்டி, உங்கத்த சர்க்கரையில வெதச்சிக்கீறா."

அவளும் சும்மா இருக்கவில்லை. பெயின்ட் பக்கெட்டில் மண் போட்டு வெள்ளரி விதைத்தாள். முளைத்த மூன்றாம் நாள் ஆடு மேய்ந்துவிட்டது. கோவளத்தில் பரமபத அட்டை வாங்கி வந்தாள். மகள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, "நீ ஆடுறப்பவே தூங்குறம்மா" என்று எழுந்து போனாள். உண்மைதான். நாள் முழுக்க மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தவளுக்குக் கண் சொக்காமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிடப் போனாள். சுஜாதாவும் அன்பரசியும் கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கடியில் யாருமில்லை. சாண் நீளத்தில் ஏழு பிஞ்சு. கோணாமல் வளரட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது, நீட்டினால் வெம்பிப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கித்தான் காட்டுவார்கள். வேண்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆள்காட்டி விரலை நன்றாக நீட்டி, ஒன்று, இரண்டு என்று ஏழு வரைக்கும் நிதானமாக எண்ணினாள். அன்றைக்கு இரண்டு கை சோறு கூடவே இறங்கியது.

புதன்கிழமைக்குள் ஏழும் மஞ்சளாகி அழுகி விழுந்தன. பூச்சி விழுந்தும் அழுகியிருக்கலாம். வேண்டா அதெல்லாம் யோசிக்கவில்லை. தன் விரல் செய்த வேலைதான் என்று உள்ளுக்குள் பூரித்தாள்.

மறுநாள் அவள் வேனைவிட்டு இறங்கி வந்தபோது வீடு திறந்திருந்தது. அன்பரசி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லீவு விட்டதிலிருந்து வேண்டா ஆசைப்பட்டது இதற்குத்தான். வாங்கி வந்த நுங்கை எடுத்து வைத்தாள். மகள் தொடவில்லை. அவள் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு துணியைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தாள்.

"இன்னாடி கையில? வெட்டிக்கினியா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்குக் கட்டிக்கினு கீற?"

அன்பரசி அழ ஆரம்பித்தாள். "திங்கக்கெழம நான் பிஞ்ச எண்ணிட்டேம்மா. மறந்துபோயி விரல நீட்டிட்டேன். இனிமே நீட்டக் கூடாதுன்னுதான் கட்டிக்கினேன். எல்லாம் அழுகிடுச்சி. அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா இனிமே வராதன்னு சொல்லிடும்."

வேண்டா பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் லீவு முடியும்வரை மகள் வீட்டைவிட்டு நகர்ந்திருக்க மாட்டாள். ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது. ஆனால் பிள்ளையின் அழுகையைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். விரல் நுனி ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது.

"நீ இல்லடி. ஞாயித்துக்கெழமயே நான் எண்ணிட்டேன். வேணும்னேதான்."

"ஏம்மா?"

"நீ எப்பப் பாத்தாலும் அங்கயே கெடக்குற. எனக்கு வயிறு எரியுது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி இந்தப் பெண் தன் முகத்தில் முழிக்காது என்றுதான் நினைத்தாள். அன்பரசி மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப நான் எண்ணுனதால இல்லியா?"

"இல்ல."

"அப்ப அத்த வூட்டுக்குப் போலாமா?"

தாய் செய்த பாவம்கூட மகளுக்குப் பெரிதாகப் படவில்லை. அங்கே போகவேண்டும், அவ்வளவுதான். வேண்டாவுக்கு வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. "போ" என்றாள்.

வாசல் வரை ஓடிய அன்பரசி நின்று திரும்பினாள். "நீ எண்ணுனத அத்தகிட்ட சொல்ல மாட்டேம்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி. பிறகு ஓடிவிட்டாள்.

அந்தச் சுஜாதாவிடம் சொல்லக்கூடாத ஒன்று இப்போது மகளிடம் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதுதான் என்று தெரிந்தும், வேண்டாவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.