நிறம் போய்விடும் என்றார்கள்

போன வருடம், கேரள மலையில் உள்ள எங்கள் வண்டன்மேட்டு வாசகசாலையின் தமிழ் அலமாரியில் ஒரு நாவல் கிடைத்தது. பாம்பு விஷத்தை ஆராயும் ஒரு பெண்ணின் கதை. பெண்களுக்குக் கை நடுங்கும், விஷம் எடுக்கும் அறைக்குள் விட முடியாது என்கிறார் நிறுவனத் தலைவர். அவள் வாதாடவில்லை. ஒவ்வொருவர் கையிலும் விளிம்பு வரை நீர் நிரம்பிய குடுவையைக் கொடுத்து நடக்கச் சொல்லி, சிந்தியதை அளக்கிறாள். தலைவர் சிந்தியதுதான் அதிகம். அந்தப் பக்கத்தை மூன்று முறை சிரித்துச் சிரித்துப் படித்தேன். நான்காவது முறை கோபம் வந்தது, என் மேலேயே.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தது. ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் ஸ்டோர். பெண்கள் பறிக்கலாம், தரம் பிரிக்கலாம். ஸ்டோருக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. மாதவிலக்கான பெண் நுழைந்தால் காயின் பச்சை வெளுத்துவிடுமாம். யாருக்கு எந்த நாள் என்று கேட்க ஆண்களுக்குக் கூச்சம், அதனால் மாதம் முப்பது நாளும் தடை. வேதியியல் பட்டம் வாங்கிய நானும் கல்யாணமாகி வந்து எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

நாவலை முடித்த வாரம், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பறித்த காயைப் போட்டுவைத்தால் கெட்டுப்போகும். நான் காயவைக்கிறேன் என்றேன். மாமனார் என்னிடம் கேட்கக் கூசி மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ சுத்தமாத்தான இருக்க?"

"இப்பத்தான் குளிச்சேன், அத்தை."

பொய் இல்லையே. அன்று எனக்கு இரண்டாம் நாள்.

மாமியார் தலையசைத்ததும் ஸ்டோருக்குள் போய்க் காயைத் தட்டுகளில் பரப்பினேன். கணவர் கையை வைத்தே சூடு பார்ப்பார். நான் தெர்மாமீட்டர் வைத்தேன். ஈரக்காற்று வெளியேற நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்தேன். பயம் இருந்தது, தீட்டைப் பற்றியல்ல. சூடு கொஞ்சம் கூடினாலும் காய் வெளுக்கும். அப்படி வெளுத்தால் பழி என் உடம்பின் மேல் விழும், அதன் பிறகு எந்தப் பெண்ணும் அந்தக் கதவைத் தாண்ட முடியாது.

மறுநாள் மாலை மாமனார் ஸ்டோருக்கு வந்தார். போன வாரம் கணவர் காயவைத்ததில் ஒரு பிடியும், என்னுடையதில் ஒரு பிடியும் வெள்ளைத் துணியில் தனித்தனியாகக் கொட்டி வைத்திருந்தேன். எது யாருடையது என்று சொல்லவில்லை. அவர் குனிந்து பார்த்தார். இரண்டிலும் ஒவ்வொன்றை உடைத்து முகர்ந்தார். பச்சை தூக்கலாக இருந்த குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் காட்டினார்.

"இதுதான் அவன் போட்டது. நிறத்தப் பாத்தாலே தெரியுதே."

"அது நான் போட்டது, மாமா. எனக்கு இன்னைக்கு மூணாம் நாள்."

அவர் காதுமடல் சிவந்துபோனது. கையிலிருந்த காயை எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எறியவில்லை. அதை வாயில் போட்டு மென்றார்.

"காய் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

எங்கள் தோட்டத்தில் இருபது வருடமாகக் காய் பறிக்கும் அக்கா அப்போது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"அப்ப உள்ள எப்படித்தான் இருக்குன்னு நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன், தாயி," என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார்.

மாமனார் நகர்ந்து வழிவிட்டார்.