வைண்டிங் ரூமில் ஒரு டம்ளர் தண்ணீர்

பிள்ளைங்களா, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் ரயில் ஆடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ஏறி, பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற உங்கள் அத்தாவுக்கு உட்கார்ந்து எழுத வேறு இடம் கிடையாது.

பெரியவளே, போன வாரம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை மூலையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாய். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. நான் வந்ததும் கேட்டாய்.

"அத்தா, ஜிகாத்னா இன்னா? உங்க வீட்ல யாரு அதைப் பண்றதுன்னு கேட்டுட்டு எல்லாம் சிரிக்கிறாங்க."

சின்னவள் உடனே, "நாம கெட்டவங்களா அத்தா?" என்றாள்.

அமெரிக்காவில் அந்த இரண்டு பெரிய கட்டிடங்களும் விழுந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். "முதல்ல சாப்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன். அப்புறமும் சொல்லவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கோபம் வந்துவிடும், நீங்கள் கோபத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள். அதனால்தான் இந்த நோட்டு. கிதாபில் படித்ததை எழுதப்போவதில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

தங்கச் சுரங்கத்தில் நான் செய்த வேலையை நீங்கள் பார்த்ததில்லை. இந்த வருஷம் மூடுகிற வரைக்கும் நான் வைண்டிங் டிரைவர். ஷாப்டுக்கு, அதாவது சுரங்கக் குழிக்கு, கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய கூடம். அதில் வீடு அளவுக்கு ஒரு இரும்பு ட்ரம், அதில் சுற்றிய கம்பிக் கயிறு. கயிற்றின் அந்தப் பக்கத்து முனையில் கேஜ் தொங்கும். அதுதான் ஆட்களைக் கீழே இறக்குகிற கூண்டு. நம் வீட்டிலிருந்து ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிற தூரத்தை அப்படியே செங்குத்தாகக் கீழே தொங்கவிட்டால் எவ்வளவு இருக்கும், அவ்வளவு ஆழம். இதில் விசேஷம் என்னவென்றால், கேஜில் யார் போகிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. என் கண்ணுக்கு முன்னால் இருப்பது ட்ரம்மும், ஆழம் காட்டுகிற முள்ளும்தான். மணிச் சத்தம்தான் பேச்சு. மூன்று தடவை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த மூன்று அடி கேட்டவுடன் மனசுக்குள் ஒரு ஸலாம் சொல்வேன். 'உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்' என்று. ஏறினவர்கள் இந்துவோ கிறிஸ்தவரோ, என்னைத் திட்டினவனோ, எனக்குத் தெரியாதே. முகம் தெரியாதவர்களுக்குச் சொன்ன அந்த ஸலாம்தான் நான் முழு மனசோடு சொன்ன ஸலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி நோன்புக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து, சொல்லப்போகிற அந்த வருஷம் வரைக்கும், ஒரு நோன்பு விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. காய்ச்சலில் கூட விடமாட்டார் என்று எங்கள் குடியிருப்பு லைனில் நாலு பேர் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன். காது மட்டும் குனியாது.

பெரியவளே, உனக்கு ஒரு வயதானபோது ரமலான் மாசி வெயிலில் வந்தது. உனக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். உன்னைத் தோளில் போட்டு நடந்துவிட்டு அசந்து தூங்கியதில் விடியலுக்கு முன்னால் சாப்பிடுகிற சஹர் சாப்பாடு தவறிப்போனது. முந்தின நாள் சாயங்காலம் குடித்த கஞ்சிதான் வயிற்றில். அம்மா சொன்னாள், "ஏங்க, இன்னிக்கு விட்டுடுங்க. இல்ல லீவு போடுங்க." நான் இரண்டும் செய்யவில்லை. செகண்ட் ஷிப்டுக்குப் போனேன்.

அன்றைக்குச் சுரங்கத்தைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் சுரங்கத்தை வாங்கப்போகிறார்கள் என்று அப்போதெல்லாம் ஒரே பேச்சு. ஷாப்ட் வாயில் கேஜ் கதவைப் பார்த்துக்கொள்கிற பேங்க்ஸ்மேன், எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம், மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிறவர். அவர் மூச்சு வாங்க வைண்டிங் ரூமுக்குள் வந்தார்.

"பாய், ஒரு கூத்து கேளுங்க. மேல யாரு ஓட்டுறதுன்னு வெள்ளைக்காரன் கேட்டான். ஆபீசர் உங்க பேரைச் சொன்னாரு. நோன்புல இருக்காருன்னும் சொல்லிட்டாரு. அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. ஜிகாத் கிகாத்துன்னு இன்னாவோ கேட்டான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, அத்த உடுங்க. முகம் வாடிக்கெடக்கு. ஆளுங்க ஏறப்போறாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓட்டுங்க."

"என் நோன்பைப் பத்தி நீ பேசாத. கதவ மட்டும் பாரு" என்றேன். பதினைந்து வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசினது அன்றைக்குத்தான். வந்த வழியே ஷாப்ட் வாய்க்குப் போய்விட்டார்.

கேஜை இறக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, கீழேயிருந்து மணியில் மூன்று அடி வந்தது. வெள்ளைக்காரர், ஆபீசர், கூடவே ஷிப்ட் முடியாமல் உடம்பு சரியில்லை என்று திரும்புகிற ஆட்கள் சிலர் ஏறியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் ஸலாம் சொல்ல மறந்துவிட்டேன். 'இவன் யார் என்னைச் சந்தேகப்பட' என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கேஜ் மேலே வர வர ட்ரம்மில் போட்ட வெள்ளை பெயின்ட் அடையாளம் வரும். அது வந்ததும் பிரேக். அடையாளம் வந்தது. எனக்கு அது இரண்டாகத் தெரிந்தது. கை ஒரு நொடி பிந்திவிட்டது. கேஜ் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு அடி மேலே போய், குலுங்கி நின்றது.

ஒரு அடிதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தருக்கு முட்டி இடித்துக்கொண்டதோடு சரி. ஆனால் அந்த ஒரு அடி என்னவென்று டிரைவருக்குத் தெரியும். இன்னும் சில அடி போயிருந்தால் கேஜ் மேலே மோதிக் கயிறு அறுந்திருக்கும்.

ஆபீசர் நேராக வந்தார். "இன்னாச்சு?"

"பிரேக் லேசா வழுக்குது சார்" என்றேன்.

நோன்பு வாயில் அந்தப் பொய் வந்தது. தண்ணீர் போகக் கூடாத வாயில் பொய் தாராளமாகப் போய்வந்தது பாருங்கள்.

பின்னாலேயே வெள்ளைக்காரரும் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலைமுடியெல்லாம் வியர்வை. கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. அவர் இங்கிலீஷில் கேட்க, ஆபீசர் சங்கடத்தோடு தமிழில் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காத பாய். அவங்க ஊர் பேப்பர்ல ஜிகாத்னா குண்டு, துப்பாக்கின்னுதான் போடுவாங்களாம். பட்டினி கிடக்கிறதும் அந்தச் சண்டைக்குப் பழகிக்கிறதுக்கான்னு கேக்கிறாரு."

"சண்டைதான் சார்" என்றேன். "ஆனா வெளியில யாரோடயும் இல்ல. எங்க வயித்தோட, எங்க கோபத்தோட, எங்க நாக்கோட. பாடுபடுறதுக்குத்தான் அந்தப் பேரு."

ஆபீசர் அதைச் சொன்னார். வெள்ளைக்காரர் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். அப்புறம் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி ஒன்று கேட்டார். ஆபீசர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு யாரு ஜெயிக்கிறாங்கன்னு கேக்கிறாரு."

வாசலில் நின்ற பேங்க்ஸ்மேனும் சிரித்தார்.  நான் லீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். 

ஜிகாத் என்றால் கொலை என்று நினைத்தாரே, அதில் அவர் தப்பு. என் கைக்குப் பயந்தாரே, அதில் தப்பில்லை. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, முதலாவதற்கு வந்த கோபத்தில் இரண்டாவதைப் பார்க்காமல் விட்டேன். அவர் என் மார்க்கத்தைச் சந்தேகப்பட்டார் என்பதற்காகக் கேஜில் நின்றவர்களின் உயிரை வைத்து வீம்பு பிடித்தேன். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று ஃபிட்டர் வந்து பிரேக்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ். "நல்லாத்தானே கீது பாய்" என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஓதி முடித்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். வைண்டிங் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. டம்ளரில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினேன்.

"ஒரு தடவைக்கு எத்தன பேரு?" என்றார்.

"பத்துப் பன்னெண்டு பேரு."

ஆடுகிற டம்ளரைக் கையால் பிடித்து நிறுத்தினார். "நோன்போடவே வேலைக்குப் போங்க. உடம்பு தள்ளாடும், அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னு பயம் வந்தா திறந்துடுங்க. அப்புறம் ஒரு நாள் களாவா நோத்துக்கலாம். இது எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம் பாய். இதக் கேக்கவா வந்தீங்க?"

இல்லை. சட்டம் எனக்கும் தெரியும். பசி எனக்குக் கஷ்டமில்லை, பழகிவிட்டது. நாலு பேர் பார்க்கத் தண்ணீர் குடிப்பதுதான் முடியாது. 'பாய் நோன்பு விட்டுட்டாரு' என்ற பேச்சுதான் எனக்குத் தொண்டையில் நின்றது. அதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு" என்றார். என்னவென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சண்டையும் நம் மார்க்கத்தில் உண்டு. அநியாயம் செய்து மேலே விழுகிறவனைத் தடுக்கிற சண்டை. அதற்கும் வரம்பு வைத்திருக்கிறது: கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள், சண்டைக்கு வராதவர்கள் மேல் கை வைக்கக் கூடாது. அந்தக் கட்டிடங்கள் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அவ்வளவு உயரத்துக்கு எத்தனை லிப்ட் இருந்திருக்கும், காலையில் எத்தனை பேர் சாப்பாட்டுப் பையோடு அதில் ஏறியிருப்பார்கள் என்றுதான். கீழே போகிறவர்களும் மேலே போகிறவர்களும் ஒன்றுதான். வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் கொன்றுவிட்டு அதற்கு ஜிகாத் என்று பேர் வைத்தவன் நம் வீட்டுப் பாத்திரத்தைத் திருடி அதில் விஷம் கலந்தவன். பேப்பர்க்காரர்களுக்கு அந்த விஷம் மட்டும்தான் தெரிகிறது. பாத்திரம் யாருடையது என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

பெரியவளே, பள்ளிக்கூடத்தில் நீ இவ்வளவும் சொல்ல வேண்டாம். கோபம் வரும், வரட்டும். சிரிக்கிற பிள்ளைகளுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்ததுதானே. கேட்டால், எங்க அத்தா ஒரு நாள் தண்ணீர் குடித்தார், அதுதான் எங்கள் வீட்டு ஜிகாத் என்று சொல். சின்னவளே, நாம் கெட்டவர்களா என்று கேட்டாய். சில நாள் கெட்டவர்கள்தான். அதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ஹஜ்ரத்திடமிருந்து நேராக ஆபீசரிடம் போனேன். "பிரேக் நல்லாத்தான் இருக்கு சார். என் கைதான் பிந்திடுச்சு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் ஆள் ஏற்றக் கூடாது, கல் ஏற்றுகிற எஞ்சினில் உட்கார் என்று உத்தரவு வந்தது. ஃபிட்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட வார்த்தையில் ஒன்று சொன்னார். வாங்கிக்கொண்டேன். அதற்குள் வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டார். அவர் கேட்டதற்குப் பதில் என்னிடமே நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்துப் பழைய நாற்காலிக்கு வந்தேன். ரமலான் முடிய நாலைந்து நாள் இருந்தது. அன்றைக்கும் வெயில். சாயங்காலம் தலை லேசாகச் சுற்றியது. ஆட்கள் ஏறுகிற நேரம் நெருங்கியது. வீட்டிலிருந்து கொண்டுபோன டம்ளரை எடுத்துக்கொண்டு பேனல் பெட்டிக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தேன். தண்ணீர் இறங்குகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"இன்னா பாய், ஒளிஞ்சிக்கினு குடிக்கிறீங்க? சரக்கா?"

பேங்க்ஸ்மேன் வாசலில் நின்றார். அன்றைக்குத் திட்டியதற்குப் பிறகு அவர் உள்ளே வந்தது அப்போதுதான்.

"தண்ணிப்பா."

"நோன்பு?"

"இன்னிக்கு இல்ல. அப்புறம் ஒரு நாள் நோத்துக்குவேன். அன்னிக்கு நீ சொன்னப்பவே குடிச்சிருக்கணும்."

 அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ நோன்புக் கஞ்சி கெடையாதா?" என்றார்.

"உனக்கு உண்டு."

"அது போதும்" என்று ஷாப்ட் பக்கம் போனார்.

அவர் போனதும் பேனலுக்குப் பின்னாலிருந்து டம்ளரை எடுத்தேன். குழாயில் கழுவி மறுபடி நிறைத்தேன். ஆழம் காட்டுகிற முள்ளுக்குக் கீழே, மணிக்குப் பக்கத்தில், கதவைத் திறக்கிற யார் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து லீவரில் கையை வைத்துக்கொண்டு மணியின் மூன்று அடிக்காகக் காத்திருந்தேன்.